மாட்டுங்கா காட்டும் மார்க்கம்

பம்பாய் சர்வகலாசாலையின் ஓர் இலாகாவாக 1933-ஆம் வருஷம் தோன்றி, படிப்படியாகச் சுயாட்சி பெற்று, 2008-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்த மாட்டுங்கா ரசாயனத் தொழில்நுட்பக் கழகத்தின் சரித்திரத்தை ஊன்றிப் பார்ப்பவர்க்கு, ஆராய்ச்சி செழிக்கத் திரவியம் மாத்திரம் போதாது, பாடத்தையும் பரீட்சையையும் விஷயம் அறிந்தவர்களே நிர்ணயிக்கும் சுதந்திரமும் வேண்டும் என்பது ஐயமின்றி விளங்கும். கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றுத் திரும்பிய பேராசிரியர் எம். எம். சர்மா, 1990-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் அங்கத்தினராகத் தேர்வு பெற்றது இங்கே பல்லாண்டு செய்த ஆராய்ச்சியின் பலனே. அத்தகைய மேதைகள்கூட ஒரு கருவி வாங்கக் கோப்புக்குப் பின்னால் அலைவதென்றால், அது தேசத்துக்கே நஷ்டம் அல்லவா? 2025 ஜூனில் மத்திய அரசு, தன் விஞ்ஞான நிறுவனங்கள் விலைப்புள்ளி கோராமல் நேரே வாங்கும் வரம்பை 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் ரூபாயாக உயர்த்தி, 200 கோடி வரையிலான சர்வதேச டெண்டர்களுக்குத் துணைவேந்தர்களும் இயக்குநர்களுமே அனுமதி தரலாம் என்று விதித்தது உத்தமமான காரியம். ஏழை மாணவர் பெரும்பாலும் நாடி வரும் மாநில சர்வகலாசாலைகளுக்கும் இந்த அதிகாரத்தைக் குறைவின்றி வழங்குமாறு மாநில அரசுகளை வேண்டுகிறேன்.