மாலையும் வேண்டா, தீயும் வேண்டா!

காஜாங்கிலாயினும் கிள்ளானிலாயினும், தமிழர் கூடுமிடத்தில் பிஷப் கால்டுவெல்லைப் பற்றிய பேச்சு எழுந்தால் போதும். ஒரு சாரார் அவரைத் தெய்வமாக்கி மாலை சூட்டுவர். மற்றொரு சாரார் பாதிரியின் சூழ்ச்சியெனத் தூற்றி, அவர் நூல்களைக் கொளுத்துக என்பர். இரு சாராரையும் யாம் கேட்பது ஒன்றே: ஐயா, அந்நூல்களைத் தாங்கள் படித்ததுண்டா?

1814-இல் அயர்லாந்தில் பிறந்த கால்டுவெல், 1838-இல் சென்னையை அடைந்து, 1841 முதல் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் ஊழியஞ் செய்து, 1877-இல் பிஷப்பானார். அதற்கு முன்பே, 1856-இல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். தமிழ் முதலிய மொழிகள் வடமொழியினின்று பிறந்தவையல்ல என்பதை 1816-இலேயே எல்லிஸ் துரை கூறியிருப்பினும், அதனைச் சான்றுகளால் விரித்து நிலைநாட்டிய பெருமை கால்டுவெல்லுடையதே. அதனை மறைப்பது நன்றி கொன்ற செயலாம்.

ஆனால் அதே கை 1849-இல் எழுதிய மற்றொரு நூலும் உண்டு. இன்று நாடார் எனப்படும் மக்களை, அறிவிலும் ஒழுக்கத்திலும் தாழ்ந்தோரென்றும் இலங்கையிலிருந்து வந்து குடியேறியோரென்றும் அதில் வரைந்தார். தம்மை நம்பி ஞானஸ்நானம் பெற்ற மக்களையே இழித்துரைத்தது அந்நூல்! அம்மக்கள் வாய்மூடியிருந்தனரோ? இல்லை. உபதேசியாராயிருந்த அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை எதிர்த்தெழுந்தார். வெள்ளைக் குருமாரை விட்டு நீங்கி, 1857-இல் தனிச் சபையே கண்டார். அவர் இனத்தார் பலரும் நூலுக்கு நூல் எழுதி மறுத்தனர். இறுதியில் அந்த 1849 நூல் புழக்கத்தினின்று விலக்கப்பட்டது. அதனை வீழ்த்தியது தீயன்று, மறுப்பே.

தீயின் பெருமையை அறிய வேண்டுவோர் இங்கிலாந்தின் வரலாற்றைப் பார்க்கட்டும். ரெஜினால்ட் பீக்காக் என்னும் பிஷப், குருமாரைக் கண்டித்த மக்களைத் தண்டனையாலன்றிப் பகுத்தறிவால் வெல்லலாமென நம்பி, இலத்தீனை விடுத்து, அம்மக்கள் பேசிய ஆங்கிலத்திலேயே நூல்கள் இயற்றினார். 1457-இல் அவரை இலண்டனில் பலர் முன்னிலையில் பிழையொப்பச் செய்து, அந்நூல்களை எரித்தனர். பின்னர் மடத்திலடைத்து, எழுதுகோலும் தாளும் மறுத்தனர். எரித்தவர் அவரை அடக்கினர், வாதத்தில் வென்றாரல்லர்.

1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது நம் கோலாலம்பூரிலன்றோ? இரண்டாம் மாநாட்டின்போது, 1968-இல், சென்னைக் கடற்கரையில் கால்டுவெல்லுக்குச் சிலையும் எழுந்தது. சிலை நிற்கட்டும். ஆயினும் சிலையால் 1849 மறையாது. 1849-ஆல் 1856-உம் அழியாது. அங்கியைக் கண்டு வணங்குவதும் அங்கியைக் கண்டு வெறுப்பதும் ஒரே அறியாமையின் இரு முகங்கள். தோழர்களே, மாலையையும் தீப்பெட்டியையும் கீழே வைத்துவிட்டு, முதலில் நூலைக் கையிலெடுங்கள்!