வீட்டு வரிக்கு ஓய்வூதியக் கணக்கு தெரியாது

கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் முப்பத்து நான்கு ஆண்டுகள் குடியிருந்த வாசகர் ஒருவரின் கேள்வி இது. பெல் கொதிகலன் ஆலையில் வெல்டராக இருந்து 2016-ல் ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த பி.எஃப்., பணிக்கொடைப் பணத்தில் திருவெறும்பூரில் 1,150 சதுர அடியில் ஒரு வீடு கட்டிக்கொண்டார். மாதம் 2,860 ரூபாய் இ.பி.எஃப். ஓய்வூதியம் வருகிறது, மற்றது வங்கி வட்டி. சொந்த ஊரில் அப்பா வழியில் வந்த 1 ஏக்கர் 20 சென்ட் மானாவாரிப் புஞ்சை இருக்கிறது. எள்ளும் உளுந்தும் போடுகிறார்.

அந்த ஊரையும் மாநகராட்சியோடு சேர்க்கப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து நிலத் தரகர்கள் வீடு தேடி வருகிறார்கள். "நிலத்தை வித்துடுங்கப்பா. வீட்டையும் என் பேருக்கு எழுதிட்டா வரியெல்லாம் நானே பார்த்துக்கிறேன்" என்கிறார் மகன். வீட்டு வரி கட்டவே திணறும்போது நிலத்தை வைத்திருப்பதா, விற்பதா? வீட்டை எழுதிக் கொடுக்கலாமா? இவைதான் அவர் கேட்டிருப்பவை.

முதலில் ஒரு பயத்தைத் தள்ளிவைக்கலாம். நம் நாட்டில் ஓய்வூதியத்துக்கு வருமான வரி போடுவது மத்திய அரசுதான். மாநிலம் தனியாகப் போடுவதில்லை. 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான சாதாரண வருமானத்துக்கு வரி வராது. எள், உளுந்து விற்ற பணம் விவசாய வருமானம். அதற்கும் வரி இல்லை. ஆகவே இவர் ஓய்வூதியத்தில் வருமான வரி கை வைக்கப்போவதில்லை. இவரை நெருக்குவது வீட்டு வரி.

குவார்ட்டர்ஸில் இருந்தவரை வீட்டு வரி நோட்டீஸ் என்ற ஒன்றை இவர் பார்த்திருக்கவே மாட்டார். வாடகை சம்பளத்தில் பிடிபட்டுப் போயிருக்கும். 1965-ல் ஆலை தொடங்கியபின் வேலைக்கு வந்து, ஓய்வு பெற்றுச் சுற்று வட்டாரத்தில் வீடு கட்டிய பலருக்கும் முதல் நோட்டீஸ் வந்தது அறுபது வயதுக்கு மேல்தான். திருவெறும்பூர் 2011-ல் திருச்சி மாநகராட்சியில் சேர்ந்தது. 2022-ல் மாநிலம் முழுவதும் நகர்ப்புறச் சொத்து வரி உயர்ந்தது. 15-ஆவது நிதிக்குழு மானியத்துக்கு நிபந்தனையாகச் சொத்து வரிச் சீரமைப்பைக் கேட்டதை அரசு காரணமாகச் சொன்னது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் உயர்வு. இவர் வீடு இரண்டாவது படியில் வருகிறது.

இந்தப் படிகளில் சதுர அடி இருக்கிறது. வீட்டுக்காரரின் வயதோ வருமானமோ இல்லை. மாதம் லட்ச ரூபாய் சம்பளக்காரருக்கும் 2,860 ரூபாய் ஓய்வூதியக்காரருக்கும், ஒரே தெருவில் ஒரே அளவு வீடு என்றால் ஒரே வரிதான். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் 65 வயதைத் தாண்டியவர் வீட்டுக்குப் பள்ளி வரி, அந்த வயதில் இருந்த தொகைக்கு மேல் பொதுவாக ஏறாது. பிள்ளைகள் அங்கே இருக்கும் பெற்றோர் இதைச் சொல்லி, இங்கும் கேட்கலாமே என்கிறார்கள். கேட்பதில் தவறில்லை.

ஆண்டுக்கு 3,000 ரூபாய் கட்டிய வீட்டுக்கு 50 சதவீத உயர்வுக்குப் பின் 4,500. அதன்மேல் ஆண்டுதோறும் 6 சதவீதம் உயர்த்தவும் விதியில் இடமிருக்கிறது. 2024-ல் சென்னை மாநகராட்சி அப்படித் தீர்மானமே போட்டது. ஒவ்வோர் ஆண்டும் உயர்த்தியே தீருவார்கள் என்று சொல்ல முடியாது. உயர்த்தினால் 12 ஆண்டில் 4,500 என்பது 9,000-ஐத் தாண்டும். இன்று ஒன்றரை மாத ஓய்வூதியம். அன்று மூன்று மாதத்துக்கும் மேல். ஏனென்றால் இ.பி.எஃப். ஓய்வூதியத்துக்கு அகவிலைப்படி கிடையாது. குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014-ல் வைத்ததுதான். வாங்குகிறவருக்கு முதல் மாதம் வந்த தொகைதான் இருபதாம் ஆண்டிலும் வரும்.

இதில் மிச்சம் பிடிக்க இரண்டு வழி உண்டு, இரண்டும் சின்னவைதான். அரையாண்டு தொடங்கும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கழியும். 4,500 ரூபாய்க்கு ஆண்டில் 225 ரூபாய். பால் காசுக்காவது ஆகும். அடுத்தது, வரி விதிப்பு நகலை வாங்கி அளவைச் சரிபார்ப்பது. வீட்டோடு ஒட்டிய மாட்டுக்கொட்டகை, விறகு, தவிடு போடும் தகரக் கூரை எல்லாம் கிடங்கு என்றோ கடை என்றோ பதிவாகியிருந்தால் வரி ஏறும். 2022 உயர்வில் வணிகக் கட்டடத்துக்கு 100 சதவீதம். இவர் வீடு 1,150 சதுர அடி. கொட்டகை சேர்ந்து 1,200-ஐத் தாண்டிவிட்டால் அடுத்த படிக்குப் போய்விடும். தவறு இருந்தால் புகைப்படத்தோடு எழுத்து மூலம் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்வார்த்தைக்குப் பயன் இல்லை.

இனி நிலம். 2025 தொடக்கத்தில் கிராம ஊராட்சிகளை மாநகராட்சிகளோடு இணைக்கும் அறிவிப்பு வந்தபோது பல ஊர்களில் மனு கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள். நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி கூடும் என்பவைதான் பெரும்பாலும் பேசப்பட்டன. நிலம் வைத்திருப்பவருக்கு இன்னொன்றும் உண்டு. அதை அதிகம் பேர் பேசவில்லை.

கிராமப்புற விவசாய நிலத்தை விற்றால் அந்த லாபத்துக்கு வருமான வரி கிடையாது. எது கிராமப்புறம் என்பதற்குச் சட்டத்தில் அளவு இருக்கிறது. நகராட்சி அல்லது மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் அது கிராமப்புற நிலம் அல்ல. எல்லைக்கு வெளியே இருந்தாலும், ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை மக்கள்தொகை உள்ள நகரம் என்றால் 6 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலமும் அப்படித்தான். பஸ் போகும் தூரம் அல்ல, நேர்க்கோட்டுத் தூரம். 2011 கணக்கெடுப்பில் திருச்சி மாநகராட்சிக்கு எட்டரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஆகவே 6 கிலோமீட்டர். எல்லை ஓர் ஊர் தள்ளிப் போனால் இந்த 6 கிலோமீட்டரும் கூடவே தள்ளிப் போகும். நேற்று வரியே இல்லாத நிலம் இன்று வரிக்கு உட்பட்ட சொத்தாகிவிடும், அதில் அதே எள் விளைந்தாலும்.

அப்படி ஆனால் லாபத்தில் 12.5 சதவீதம் வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய அல்லது வந்த நிலம் என்றால், விலைவாசிக் குறியீட்டோடு 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம். மேலே சொன்ன 12 லட்ச ரூபாய்ச் சலுகை இந்த லாபத்துக்குப் பொருந்தாது. ஓய்வூதியத்துக்கு வரி இல்லையே என்று நிம்மதியாக விற்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 2001-க்கு முன்பே குடும்பத்தில் இருந்த நிலம் என்பதால், 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்க விலையாகக் காட்டலாம். அன்றைய வழிகாட்டி மதிப்பைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு வாங்கி வைக்கலாம். அதற்கு மேல் காட்ட முடியாது.

விற்ற பணத்தில் இரண்டு ஆண்டுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால் அந்த அளவுக்கு வரி விலக்கு உண்டு. ஆனால் விற்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் தானோ பெற்றோரோ அதில் பயிர் செய்திருக்க வேண்டும். இதற்குச் சாட்சி அடங்கல். ஊர் மாநகராட்சிக்குள் வந்த பிறகும் அடங்கல்தான் காப்பாற்றும். விவசாயத்துக்கு மட்டுமே பயன்படும் நிலத்தைக் காலிமனையாகக் கணக்கிடுவதில்லை. இரண்டு மூன்று ஆண்டு தரிசாகப் போட்டு, வேலியோரம் மனைக் கற்களும் முளைத்திருந்தால், இது விளைநிலம் என்று நிரூபிப்பது கஷ்டம். கிஸ்தித் தொகை சொற்பம்தான், அந்த ரசீதையும் தொலைக்கக் கூடாது.

இன்னொரு விஷயம், அவர் கேட்கவில்லை. பி.எம். கிசான் தவணை இவருக்குக் கிடையாது. ஓய்வூதியம் குறைவாக இருந்தாலும் பொதுத்துறை நிறுவனத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள், கடைநிலைப் பணியாளர் தவிர, அந்தத் திட்டத்தில் சேர முடியாது. யாராவது பதிந்து தருகிறேன் என்று வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பின்னால் திருப்பிக் கேட்பார்கள்.

ஆகவே விற்பது அவசரம் இல்லை. நிலத்திலிருந்து எல்லை வரை நேர்க்கோட்டுத் தூரம் எவ்வளவு என்று எழுத்து மூலம் தெரிந்துகொண்ட பிறகு முடிவெடுக்கலாம். 9,000 ரூபாய் வரிக்காக நிலத்தை விற்பது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போலத்தான்.

வீட்டை மகன் பேருக்கு எழுதுவதில் செலவு பெரிதல்ல. விற்பனைக் கிரயத்துக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் என்றால், குடும்பத்துக்குள் தானசெட்டில்மென்ட்டுக்கு இரண்டுமே 1 சதவீதம்தான். 2023 ஜூலை முதல் உச்சவரம்பு 40,000 மற்றும் 10,000. ஆனால் எழுதிக் கொடுத்துவிட்டால் வீடு இவருடையது அல்ல. வரி நோட்டீஸ் மகனுக்குப் போகும், கூடவே வீட்டின் மேல் உள்ள பேச்சும் போகும். மகன் நல்லவராகவே இருக்கலாம். மகனுக்கும் கடன் வரும், வேலை போகும். எழுதியே ஆக வேண்டும் என்றால் பத்திரத்தில் இரண்டு வாசகங்கள் இல்லாமல் கையெழுத்துப் போடக் கூடாது: தனக்கும் மனைவிக்கும் ஆயுள்காலம் வரை குடியிருக்கும் அனுபவ பாத்தியதை; பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன் 23-ஆவது பிரிவில், பராமரிக்கவில்லை என்றால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம். நிபந்தனை எழுத்தில் இல்லாவிட்டால் அந்த வழக்கு இழுபறியாகிவிடுகிறது. உயில் எழுதினால் முத்திரைத் தீர்வையே இல்லை, மனம் மாறினால் மாற்றியும் எழுதலாம். இவர் நிலைமைக்கு உயில்தான் பொருத்தம். வரியைக் கட்ட மகன் முன்வருவது நல்லது. அதற்குப் பத்திரம் எதற்கு, அக்டோபரில் பணம் அனுப்பினால் போதும்.

நிலத்தில் இந்த வயதில் ஆள் அதிகம் தேவைப்படும் வாழையோ காய்கறியோ வேண்டாம். புரட்டாசி மழையை நம்பி உளுந்து விதைக்கலாம். ஏக்கருக்கு எட்டு கிலோ விதை, விதைக்குமுன் ரைசோபியம் கலந்து நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். முளைத்து இரண்டு வாரம் ஆனதும் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, சர்வே எண்ணுக்கு நேராக உளுந்து என்று அடங்கலில் ஏறியிருக்கிறதா என்று நேரில் பார்த்து, ஒரு நகல் வாங்கி வீட்டு வரி ரசீதோடு அதே கோப்பில் வைத்துவிடட்டும்.