பிரெஞ்சு விசைப்பலகைச் சீர்தரம்

பிரெஞ்சு விசைப்பலகைச் சீர்தரம் என்பது பிரெஞ்சு மொழியைப் பிழையின்றி எழுதுவதற்கென, பிரான்சின் தர நிர்ணய அமைப்பான அஃப்னோர் 2019 ஏப்ரலில் வெளியிட்ட கணினி விசைப்பலகை அமைப்பு ஆகும். இதைப் பின்பற்றுதல் கட்டாயமன்று. வெளியாகிப் பல ஆண்டுகள் கடந்தும், அந்நாட்டுக் கடைகளில் விற்கப்படும் விசைப்பலகைகளில் பெரும்பாலானவை பழைய அமைப்பிலேயே உள்ளன.

பின்னணி

1870களில் அமெரிக்கத் தட்டச்சுப்பொறிகளில் உருவான குவெர்ட்டி அமைப்பு, ஐரோப்பாவுக்குச் சென்றபோது நாட்டுக்கு நாடு மாறியது. செருமானியர் 'ஒய்' இருந்த இடத்தில் 'இசட்' எழுத்தை வைத்தனர். பிரான்சில் 'கியூ' இடத்துக்கு 'ஏ'யும் 'டபிள்யூ' இடத்துக்கு 'இசட்'டும் வந்தன. மேல்வரிசையின் முதல் ஆறு எழுத்துகளைக் கொண்டு இது அசெர்ட்டி எனப்படுகின்றது. இதில் எண்களை இடுவதற்குச் சிஃப்ட் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். தனியே அழுத்தினால் ஒலிக்குறியிட்ட எழுத்துகளும் வேறு சில குறிகளுமே தோன்றும்.

சிக்கல்

மேலே சாய்கோடு பெற்ற சிறிய 'ஈ' எழுத்துக்குப் பழைய அசெர்ட்டியில் தனி விசை உண்டு. அதன் பெரிய எழுத்து வடிவத்துக்கு இல்லை. அவ்விசையைச் சிஃப்டுடன் அழுத்தினால் 2 என்னும் எண்ணே வரும். விண்டோசு பயனர் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு 0201 என அடிக்க வேண்டும். 'ஓ'வும் 'ஈ'யும் ஒட்டிய கூட்டெழுத்துக்கும் விசை இல்லை. இதயம், சகோதரி, முட்டை ஆகியவற்றைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொற்கள் மூன்றிலும் அது வருகின்றது. மாறாக, 'எங்கே' என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்லில் மட்டும் பயன்படும் கோடிட்ட 'யூ' எழுத்து தனி விசை ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பது வேடிக்கையே.

இதனால் பெரிய எழுத்துகளுக்கு ஒலிக்குறி தேவையில்லை என்னும் எண்ணம் வலுப்பெற்றது. பிரெஞ்சு அகாதமி இதனை ஏற்பதில்லை. முழுவதும் பெரிய எழுத்துகளில் அமைந்த செய்தித் தலைப்பொன்றில் அக்குறி விடுபட்டால், 'காவலர் கொல்லப்பட்டார்' என்பது 'காவலர் கொல்கிறார்' என்றாகிவிடும்.

அரசின் தலையீடு

பிரான்சில் வாங்கும் விசைப்பலகையைக் கொண்டு பிரெஞ்சைச் சரியாக எழுதுவது ஏறத்தாழ இயலாது எனப் பண்பாட்டு அமைச்சகம் 2016 சனவரியில் அறிவித்தது. அதன் வேண்டுகோளின்படி அஃப்னோர் வகுத்த சீர்தரத்தில் 26 எழுத்துகளும் எண்களும் பழைய இடங்களிலேயே உள்ளன. ஆல்ட் ஜிஆர், சிஃப்ட் ஆகிய இரு விசைகளுடனும் சேர்த்து அழுத்தினால் ஒலிக்குறியிட்ட பெரிய எழுத்துகள் கிடைக்கின்றன. பிரெஞ்சு மேற்கோள் குறிகளும் இடம்பெற்றன. குறிகளை அடுக்கும் கணக்கீட்டில் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உதவினர். தன்னார்வலர்கள் உருவாக்கிய, எழுத்துகளின் இடங்களை முற்றிலும் மாற்றிய பெப்போ அமைப்பும் இதே சீர்தரத்தில் ஏற்கப்பட்டது.

பரவாமைக்கான காரணங்கள்

கேட்பார் இல்லை என்று உற்பத்தியாளர் புதிய விசைகளை அச்சிடுவதில்லை. கடையில் காணாததை வாங்குவோர் கேட்பதில்லை. சொற்செயலிகளின் தன்னியக்கத் திருத்தமும், எழுத்தை நீள அழுத்தி ஒலிக்குறி பெறும் கைப்பேசி வசதியும் பழைய குறையை ஓரளவு மறைத்துவிட்டன. துருக்கியிலும் இத்தகைய நிலையே. துருக்கிய மொழிக்கென்றே 1955இல் வகுக்கப்பட்ட எஃப் அமைப்பு தட்டச்சுப்பொறிகளில் நிலைபெற்றது. ஆனால் கணினிகள் வந்தபின் குவெர்ட்டி வழிவந்த அமைப்பே மேலோங்கியது.

சிக்கல் பிரெஞ்சு மொழிக்கே உரியதன்று என்பதும் கருதத்தக்கது. கனடாவின் பிரெஞ்சு விசைப்பலகை குவெர்ட்டி அடிப்படையிலானது. அங்கே சாய்கோடிட்ட 'ஈ' விசையைச் சிஃப்டுடன் அழுத்தினாலே பெரிய எழுத்து வந்துவிடும். பெல்சியத்தினர் சற்றே வேறுபட்ட அசெர்ட்டியையும், சுவிட்சர்லாந்தினர் செருமானிய வழி அமைப்பையும் பயன்படுத்துகின்றனர். தமிழ்நாட்டில் தமிழ் 99, இலங்கையில் ரெங்கநாதன் என இரு சீர்தரங்களைக் கொண்ட தமிழருக்கு இது புதிதன்று.

விரும்புவோர் மென்பொருள் வழியாகப் புதிய அமைப்பை இப்போதே நிறுவிக்கொள்ளலாம். எனினும் விசைகளின் மேல் அச்சிடப்பட்டிருப்பவை பழைய குறிகளே. புதியவற்றை மனப்பாடமாகவே அறிந்திருக்க வேண்டும்.