போல்ட்டும் கொலவெறியும்

சென்ற மாதம் நம் சங்கத்துச் செயற்குழுக் கூட்டத்தில் பொங்கல் விழா நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது, இளம் தாயார் ஒருவர் எழுந்து, "இந்த வருஷமாவது குழந்தைகள் அவங்களுக்குப் பிடிச்ச சினிமாப் பாட்டுக்கு ஆடலாமா?" என்று கேட்டார். மூத்தவர்களாகிய நாங்கள் வழக்கம்போல் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முடிவு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. எனக்கோ 2012-ஆம் ஆண்டுப் பொங்கல் நினைவுக்கு வந்து உறுத்தத் தொடங்கியது.

அந்த ஆண்டு நம் பிள்ளைகள் ஆட விரும்பிய பாட்டு 'ஒய் திஸ் கொலவெறி டி'. வாசகர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். 2011 நவம்பர் 16 அன்று யூடியூபில் வெளியானது. ஐஸ்வர்யா ரஜினிகாந்த் இயக்கிய '3' என்ற படத்துக்கான பாட்டு. எழுதிப் பாடியவர் தனுஷ். இசையமைத்த அனிருத்துக்கு அப்போது 21 வயது. அதுதான் அவருடைய முதல் படம். காதலில் தோற்ற ஒரு பையன் பாடும் இலேசான பாட்டு வேண்டும் என்று இயக்குநர் கேட்க, சில நிமிடங்களில் மெட்டு பிறந்ததாகவும், அரை மணிக்குள் வரிகளும் கூடிவிட்டதாகவும் அப்போது பத்திரிகைகளில் படித்தோம்.

பாட்டின் முழுமை பெறாத வடிவம் ஒன்று எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் வழக்குப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர்களோ பாட்டை முறையாகப் பதிவு செய்து, ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுத்த படத்தையே இணைத்து வெளியிட்டார்கள். அதில் வெளிநாட்டு மலையும் இல்லை, நூறு பேர் ஆட்டமும் இல்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒருவர் பாடுகிறார், சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். நடுநடுவே பாடகர் இசைக்குழுவோடு பேசுகிறார். நாதஸ்வரமும் உறுமியும் கேட்கின்றன. சில வாரங்களில் கோடிக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். அந்த டிசம்பரில் ஜப்பான் பிரதமர் வந்தபோது நம் பிரதமர் அளித்த விருந்துக்குத் தனுஷுக்கும் அழைப்பு போயிற்று.

நம்மவர்களில் பெரியவர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. "முக்கால்வாசி இங்கிலீஷ். இதையா தமிழ்ப் பாட்டு என்பது?" என்றார்கள். இந்திக் கவிஞர் ஜாவேத் அக்தரும் பாட்டை வெளிப்படையாகவே சாடினார். காதல் தோற்றால் பெண்ணைப் பழிப்பதா என்ற கேள்வியும் எழுந்தது; அது நியாயமான கேள்வி என்றே இன்றும் நினைக்கிறேன். இலக்கியத் தராசில் அந்தப் பாட்டு நிற்காது. அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் அந்தப் பாட்டில் வரும் ஆங்கிலம் யாருடைய ஆங்கிலம்? இதைச் சொல்ல என் சொந்தக் கதைக்குப் போக வேண்டியிருக்கிறது.

பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, 1980-களின் தொடக்கத்தில் ரயில்வேயில் சேர்ந்து, வடக்கே ஒரு பணிமனைக்கு வந்தேன். முதல் மாதமே ஒரு கூட்டத்தில், பழுதுபார்க்க வந்த பெட்டிகளின் குறைகளைப் படித்துக் காட்டச் சொன்னார்கள். போல்ட்டு, நட்டு, ஸ்பிரிங்கு, பிரேக்கு பிளாக்கு என்று படித்தேன். தலைமை வகித்த அதிகாரி ஒவ்வொரு சொல்லையும் என்னைப் போலவே இழுத்துத் திருப்பிச் சொன்னார். அறையே சிரித்தது. அன்று முதல் எனக்குப் 'போல்ட்டு' என்று பெயர். வரைபடத்தில் நான் கண்டுபிடித்த தவறுகளெல்லாம் மறந்துபோயின. பெயர் மட்டும் நான் ஓய்வு பெறும் வரை கூடவே வந்தது. வீட்டிலும் அது விடவில்லை. என் மகள் ஆறாம் வகுப்புப் படித்தபோது, பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போகும் வழியில், "அப்பா, நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். அம்மா பேசட்டும்" என்றாள். குழந்தை சொன்னதுதானே என்று விட்டுவிட முடியவில்லை.

இத்தனைக்கும் நான் செய்த குற்றம் என்ன? க், ச், ட், த், ப், ற் என்னும் வல்லின மெய்கள் தமிழ்ச் சொல்லின் கடைசியில் நிற்பதில்லை. நாடு, பாட்டு, நாக்கு என்று பின்னால் ஓர் உகரம் வந்து தாங்கிக்கொள்ளும். அதைக் குற்றியலுகரம் என்றும், அதற்கு அரை மாத்திரை என்றும் பள்ளியில் படித்திருக்கிறோம். தொல்காப்பியர் காலத்திலிருந்து வரும் பழக்கம் ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் விட்டுப்போகுமா? என் உத்தரப் பிரதேச நண்பர் ஸ்டேஷனை 'இஸ்டேஷன்' என்றுதான் கடைசி வரை சொன்னார். அவரை யாரும் 'இஸ்டேஷன்' என்று கூப்பிட்டதில்லை.

2011 டிசம்பரில் மகளின் சிநேகிதிகள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். மராட்டியப் பெண்கள் இருவர், ஒரு வங்காளி, ஒரு பஞ்சாபி. "அங்கிள், கொலவெறி என்றால் என்ன?" என்று கேட்டார்கள். சொன்னேன். பிறகு பாட்டில் வரும் ஆங்கிலச் சொற்களை என் வாயால் சொல்லச் சொன்னார்கள். எனக்குச் சுரீர் என்றது. மறுபடியும் அதே கூட்டம், அதே சிரிப்பு என்று நினைத்து எழுந்து போய்விட்டேன். இரவு மகள் வந்து, "அப்பா, அவங்க கிண்டல் பண்ணலை. அந்த 'உ' அவங்களுக்குச் சரியா வரலை. உங்ககிட்ட கத்துக்கத்தான் கேட்டாங்க" என்றாள். அவர்களில் ஒருத்திகூட என்னைக் கிண்டல் செய்யவில்லை என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. ஆனால் என்னைப் பேச வேண்டாம் என்று சொன்ன அதே பெண்தான் இதையும் சொன்னாள்.

தமிழ்ப் பாட்டு வடக்கே புகழ் பெற்றது அது முதல் தடவையல்ல. 1992-இல் 'ரோஜா'வின் 'சின்னச் சின்ன ஆசை', 1994-இல் 'காதலன்' படத்து 'முக்காலா முக்காபுலா' இரண்டும் நாடு முழுவதும் கேட்டன. ஆனால் அவை இந்தி வரிகளை அணிந்துகொண்டே இங்கே வந்தன. அந்தக் காலத்தில் மீட்டர்கேஜ் முடியும் இடத்தில் சரக்கையெல்லாம் இறக்கி, பிராட்கேஜ் வேகனில் மாற்றி ஏற்றுவோம். அதுபோலத்தான் அந்தப் பாட்டுகளும். சரக்கு நம்முடையது, வண்டி வேறு. 'கொலவெறி'யோ தன் சக்கரத்தோடேயே வந்து சேர்ந்தது. எந்த உச்சரிப்புக்காக நாம் தலைகுனிந்தோமோ, அதை மறைக்காமல் ஒருவர் பாடினார். ஆங்கிலச் சொற்கள் இருந்ததால் ஊருக்கெல்லாம் பாதி புரிந்தது. உகரம் இருந்ததால் அது நம்முடையதாக இருந்தது. மெட்டின் எளிமையையும் இணையத்தின் வேகத்தையும் மற்றவர்கள் எவ்வளவோ எழுதிவிட்டார்கள். என்னைக் கேட்டால் கூச்சமின்மைதான் அதன் பெரிய பலம்.

எல்லை தெரிந்தே இதைச் சொல்கிறேன். 2012 மார்ச்சில் வெளிவந்த '3' படம் பாட்டின் அளவுக்கு ஓடவில்லை. பாட்டைப் பாடிய வட நாட்டவர் யாரும் அதனால் தமிழ் படித்துவிடவில்லை. நம் பிள்ளைகளும்தான். ஒரு பாட்டு மொழியைக் காப்பாற்றாது. ஆனால் அந்தப் பாட்டைத் தொடங்கிவைத்தவர்கள் வேறு வேடம் போடாமலே மேலே போனார்கள். தனுஷ் 2013-இல் இந்திப் படத்தில் கதாநாயகன் ஆனார். அனிருத் 2023-இல் 'ஜவான்' என்ற இந்திப் படத்துக்கு இசையமைத்தார்.

இனி நம் பொங்கலுக்கு வருகிறேன். 2012-இல் அந்தப் பாட்டுக்கு ஆட எட்டுப் பிள்ளைகள் அனுமதி கேட்டார்கள். ஒரு மாதம் ஒத்திகை பார்த்திருந்தார்கள். "தமிழ்ச் சங்க மேடையில் இதுவா?" என்று செயற்குழு மறுத்தது. மறுப்பதற்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அதே பிள்ளைகள் அந்த ஆண்டு கணபதி பந்தலில் மராட்டிய நண்பர்களோடு சேர்ந்து அதே ஆட்டத்தை ஆடினார்கள். கைதட்டல் எங்கள் காலனி வரை கேட்டது. எட்டில் ஐந்து பேர் அதற்குப் பிறகு சங்கத்தின் பக்கம் வரவே இல்லை. வளர்ந்து வேலைக்குப் போய் இதே ஊரில் இருப்பவர்களும் வருவதில்லை. ஒரு பாட்டுக்காக மட்டுமா வராமல் போனார்கள் என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் தமிழ் என்றால் தங்களைத் திருத்துகிற இடம் என்று அவர்கள் அன்றைக்குப் புரிந்துகொண்டார்கள். என்னை ஓர் அதிகாரி சிரித்துத் தலைகுனிய வைத்தார். நான் அந்தக் குழந்தைகளுக்குச் செய்ததும் அதிகம் வேறல்ல.

ஆகவே என் யோசனை இதுதான். பிள்ளைகள் தேர்ந்தெடுக்கும் பாட்டுக்கு மேடை கொடுப்போம். ஆபாசமும் பிறரை இழிவு செய்வதும் கூடாது என்ற ஒரே நிபந்தனை போதும். ஆடுவதற்கு முன்னால் பாட்டில் உள்ள தமிழ்ச் சொற்களுக்குப் பொருளை அவர்களே மேடையில் சொல்லட்டும். தப்பாகச் சொன்னால் யாரும் சிரிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பையும் அந்தப் பாட்டு வரிகளிலிருந்தே தொடங்கலாம். ஆத்திசூடி எங்கும் ஓடிப்போகாது; பிள்ளைகள் உட்கார்ந்த பிறகு அதற்கு வரலாம்.

இதை ஏற்காத நண்பர்கள் நம் சங்கத்தில் உண்டு. அவர்களும் தமிழ்மேல் உள்ள பற்றினால்தான் மறுக்கிறார்கள். அடுத்த செயற்குழுவில் இது மறுபடி வாக்கெடுப்புக்கு வருகிறது. நான் கை தூக்குவேன், இந்தத் தடவை பிள்ளைகள் பக்கம்.