பாரந்தூக்கி கடையில் வாங்கும் பொருளல்ல

"பாரந்தூக்கி மாதிரி ஒன்று செய்துகொண்டு வா" என்று பாடசாலையில் சொல்லிவிட்டால், லயத்தில் முதலில் எழும் கேள்வி எவ்வளவு செலவாகும் என்பதுதான். கேள்வியில் பிழையில்லை. நாட்சம்பளத்தில் ஓடும் வீட்டில் நூறு ரூபாவுக்கும் கணக்குண்டு. சில வீடுகளில் கடன்பட்டாவது டவுனில் செய்வித்து வாங்கிக் கொடுக்கிறார்கள். வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை அன்று பாடசாலைக்கே போவதில்லை. இரண்டிலும் நட்டம் பிள்ளைக்குத்தான்.

அந்தச் சின்ன மாதிரிக்கு என்ன வேண்டும்? அட்டைப்பெட்டி, மரக்குச்சி, நூல், இரண்டு சிரிஞ்ச், ஒரு மெல்லிய குழாய். சிறிய சிரிஞ்சை அழுத்தினால் குழாயிலுள்ள தண்ணீர் பெரிய சிரிஞ்சின் தண்டைத் தள்ளும். பாரந்தூக்கியின் கை உயரும். பெரியதன் விட்டம் சிறியதைப் போல் இரண்டு மடங்கென்றால் தள்ளும் விசை நான்கு மடங்கு, நகரும் தூரமோ நாலில் ஒன்று. ரோட்டில் மண் வெட்டும் பெக்கோவின் கையும் இந்த முறையில்தான் இயங்குகிறது. அங்கே தண்ணீருக்குப் பதில் எண்ணெய். (சிரிஞ்சைப் பாமசியில் புதிதாக வாங்குங்கள். டிஸ்பென்சரிக் குப்பையில் பொறுக்கப் பிள்ளைகளை விடவேண்டாம்.)

பிள்ளை தானே செய்தால் அது முதலில் முன்பக்கமாகக் குடைசாயும். சாயட்டும். ஏன் சாய்ந்தது என்று யோசிக்கும்போதுதான் பாடம் தொடங்குகிறது. முன்னால் 30 சென்டிமீட்டரில் 200 கிராம் தொங்கினால், பின்னால் 10 சென்டிமீட்டரில் 600 கிராம் இருந்தால்தான் சமநிலை. பழைய கைத்தராசின் கணக்கும் இதுவே. கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் வாதாட வேண்டியிருக்கும் எமக்கு, பாரமும் தூரமும் விளங்கிய பிள்ளை வீட்டில் இருப்பது சின்ன விடயமா?

கடையில் வாங்கிய மாதிரிக்குக் கூடுதல் புள்ளி போடும் ஆசிரியர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பறையில், உங்கள் கண்முன்னே, குழுவாகச் செய்வியுங்கள். வாள், துளைகருவி, பிடிகருவி இல்லையென்றால் அதைக் கேட்டு வாங்கித்தரும் பொறுப்பு எம்முடையது. தோட்டத்துத் தொழிற்சாலையில் இயந்திரம் கழற்றச் செயின் புளொக் பாவிக்கும் பிட்டர்மார் இருக்கிறார்கள். ஒரு மணித்தியாலம் அவர்களைப் பாடசாலைக்கு அழைத்தால் என்ன? எமது ஆட்களுக்குத் தொழினுட்பம் தெரியாது என்று யார் சொன்னது?

உயர்தரத்தில் தொழினுட்பத் துறை 2013 இல் ஆரம்பிக்கப்பட்டது. கணிதமும் விஞ்ஞானமும் சித்தியடைந்து அந்தத் துறைக்குப் போக விரும்பும் மலையகப் பிள்ளைக்கு, அது உள்ள தமிழ்மொழிப் பாடசாலை பஸ் ஏறிப்போகும் தூரத்திலாவது இருக்க வேண்டும். இல்லையேல் எமது இளைஞர்கள் கொழும்பில் எழும்பும் மாடிக் கட்டடங்களில் சீமெந்து மூட்டை சுமப்பார்கள். மேலே பாரந்தூக்கியின் ஆசனத்தில் வேறொருவர் இருப்பார். அந்த ஆசனத்துக்குப் பயிற்சியும் சான்றிதழும் வேண்டும். வெறும் உடல்பலம் போதாது.

ஆகவே தோட்டத் தலைவர்மாரும் மாதர் தலைவிகளும் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை எடுக்க வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கும் எமது அங்கத்தவர்கள், செயன்முறைப் பாடத்துக்கு என்னென்ன கருவிகள் இருக்கின்றன, என்ன இல்லை என்று அதிபரிடம் கேட்டு எழுதி, தவணை முடியுமுன் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்பிவையுங்கள். அந்தப் பட்டியலோடு வலயக் கல்வி அலுவலகத்துக்கு நாம் போவோம்.