ஹெப்ரானில் யார் போலீஸ்?

1994 பிப்ரவரி 25, ரம்ஜான் மாத வெள்ளிக்கிழமை. இஸ்ரேல் ஆக்கிரமித்த மேற்குக் கரையிலுள்ள ஹெப்ரானின் இப்ராஹீமி பள்ளிவாசலில் அதிகாலைத் தொழுகையில் இருந்தவர்களைப் பாரூக் கோல்ட்ஸ்டைன் என்ற இஸ்ரேலியக் குடியேறி சுட்டுத் தள்ளினான். 29 பேர் செத்தார்கள். அவன் உடம்பில் இஸ்ரேல் ராணுவச் சீருடை, கையில் ராணுவத் துப்பாக்கி. இதை விசாரித்த ஷம்கார் ஆணையத்தின் முன் படையினர் சொன்ன சாட்சியம் இன்றும் உறைக்கிறது: குடியேறி சுட்டுக்கொண்டிருந்தாலும் அவனைச் சுடக்கூடாது என்பதுதான் தங்களுக்கு இருந்த உத்தரவு என்றார்கள்.

சட்டம் சொல்வது வேறு. ஆக்கிரமித்த இடத்தின் பொது ஒழுங்குக்கும் பாதுகாப்புக்கும் ஆக்கிரமித்தவரே பொறுப்பு என்கிறது 1907 ஹேக் விதிகளின் 43ஆம் பிரிவு. 1949இன் நான்காம் ஜெனீவா ஒப்பந்தமோ, அங்குள்ள மக்களை வன்முறையிலிருந்து காக்கச் சொல்கிறது. சொந்தக் குடிமக்களை அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தவே கூடாது என்கிறது. 'நாங்கள் ராணுவம், போலீஸ் வேலை எங்களுடையதல்ல' என்று சிப்பாய் கைகட்டி நிற்க இதில் இடமே இல்லை.

மேற்குக் கரையில் கல்லெறிந்த பாலஸ்தீனப் பையனுக்கு ராணுவ நீதிமன்றம். ஒலிவ மரங்களை வெட்டிப்போட்ட குடியேறிக்கு இஸ்ரேலின் சிவில் நீதிமன்றம், அதுவும் வழக்கு அதுவரை போனால். புகார் கொடுக்கலாமென்றால் காவல் நிலையங்கள் சில குடியேற்றங்களுக்குள்ளேயே இருக்கின்றன; மரத்தைப் பறிகொடுத்தவர், உள்ளே கூட்டிப்போக ஆள் வரும்வரை வாசலில் நிற்க வேண்டும். பாலஸ்தீன போலீஸிடம் போகலாமே? 1995 ஓஸ்லோ உடன்பாட்டின்படி அவர்கள் இஸ்ரேலியரை எந்தச் சூழலிலும் கைது செய்யக்கூடாது. இஸ்ரேல் அரசுக்கு இது தெரியாத சங்கதியுமல்ல. குடியேறிகள்மீதான புகார்கள் ஒழுங்காக விசாரிக்கப்படுவதில்லை என்று துணை அட்டர்னி ஜெனரல் யெஹுதித் கார்ப் தலைமையிலான குழு 1982இலேயே எழுதிக்கொடுத்தது. அறிக்கை வெளியே வந்தது 1984இல்.

2023 அக்டோபருக்குப் பின் குடியேறிகளையே ரிசர்வ் படையில் அழைத்து அவரவர் வட்டாரத்தில் காவலுக்கு நிறுத்தினார்கள். மேய்ச்சல் நிலத்துக்கு வழக்காடுகிறவனே சீருடையில் வந்து இடையனிடம் அடையாள அட்டை கேட்டால், அதைக் காவல் என்று ஏற்க முடியாது. அரசு கையளித்த அடாவடி அது.

2024 ஜூலை 19 அன்று சர்வதேச நீதிமன்றம், குடியேறிகளின் தாக்குதல்களைத் தடுக்கவும் தண்டிக்கவும் இஸ்ரேல் தொடர்ந்து தவறியதைக் கண்டித்தது. ஆக்கிரமித்த பாலஸ்தீனப் பகுதிகளில் இஸ்ரேல் நீடிப்பதே சட்டவிரோதம் என்றது. வெறும் ஆலோசனைக் கருத்துதானே என்பார்கள். இருக்கட்டும், அது எடுத்துச் சொன்ன கடமைகள் இஸ்ரேலைக் கட்டுப்படுத்துபவை. அந்தக் கருத்தை ஒட்டி, ஆக்கிரமிப்பை ஓராண்டுக்குள் முடிக்கக் கோரும் தீர்மானம் செப்டம்பர் 18 அன்று ஐ.நா. பொதுச் சபையில் நிறைவேறியது. ஆதரவு 124, எதிர்ப்பு 14. வாக்களிக்காமல் ஒதுங்கிய 43 நாடுகளில் இந்தியாவும் ஒன்று.