சர்வே எண்ணுக்குள் அடங்காத சதுப்பு

நன்செய், புன்செய், புறம்போக்கு என்ற வருவாய்த்துறைப் பகுப்பு, எந்த நிலம் எவ்வளவு வரி தரும் என்பதை அறியவே பெரிதும் பயன்பட்டது. வரி தராத நிலம் நாளடைவில் பயன் தராத நிலமாகவே எண்ணப்பட்டது. சென்னையின் தெற்கே, ஊரார் கழுவேலி என்று அழைத்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கிய கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்திருந்த சதுப்பு அது. ஆக்கிரமிப்பு என்றதும் நமக்குக் குடிசைகளே நினைவுக்கு வருகின்றன. பெருங்குடிக் குப்பைக் கிடங்கையும், சாலைகளையும், அரசு நிறுவனங்களின் கட்டடங்களையும் எந்தக் கணக்கில் எழுதுவது? 2007-இல் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. மகிழ்ச்சிதான். ஆனால், சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் விழும் மழைநீரும், அங்குள்ள அறுபதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீரும் இந்தச் சதுப்பை நோக்கியே வருகின்றன. அந்நீர் ஒக்கியம் மடுவு வழியாகத்தான் வெளியேற வேண்டும். சதுப்பின் எல்லையில் வேலியிட்டுவிட்டு, மேலே உள்ள ஏரிகளையும் கால்வாய்களையும் மனைகளாக்க அனுமதித்தால் காப்பாற்றப்படுவது எது?

நில வாடகைக் கோட்பாட்டைப் பல்லாண்டுகள் வகுப்பறையில் நடத்தியவன் நான். மண்ணின் ஆற்றல் அழிவற்றது என்ற ரிக்கார்டோவின் அனுமானத்தைக் கேள்வியின்றிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். 2015 டிசம்பரில் வேளச்சேரித் தெருக்களில் படகுகள் சென்றபோது அந்தப் பாடம் எனக்கே உறுத்தியது. வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு விலை சொல்கிறது. அந்தச் சதுர அடி தாங்கிக்கொள்ளும் வெள்ளத்துக்கு அதில் மதிப்பே இல்லை.

ஈரநிலத்தைப் பாதிக்கக்கூடிய நீர்ப்பிடிப்புப் பகுதியையும் வரையறுக்க வேண்டும் என்கின்றன 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள். ஆகவே மண், நீரோட்டம், நிலத்தடி நீர், பள்ளம் மேடு ஆகியவற்றை நீர்ப்பிடிப்புப் பகுதி முழுமைக்கும் அளந்து, அந்த வரைபடத்தைப் பார்த்த பின்னரே மனைப் பிரிவுக்கு அனுமதி தர வேண்டும். சர்வே எண் வாரியாகப் பார்த்தால் ஒவ்வொரு கட்டடமும் சிறியதாகவே தெரியும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. அவ்வரைபடத்துக்குள் பட்டா நிலங்களும் வரும். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீட்டுமனை வாங்கியவர்கள் இருப்பார்கள். முத்திரைத்தாள் கட்டணம் பெற்றுக்கொண்டு பத்திரம் பதிந்து கொடுத்தது அரசுதான். அவர்களுக்கான இழப்பீட்டையும் அரசு தன் நிதிநிலை அறிக்கையில் எழுதியாக வேண்டும்.